ஓடாதவர்களுக்கு நான் எழுதிய நேரம்

சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உடற்கல்விப் பாடம் எடுக்கிறேன். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. அந்த முப்பதில் உடற்தகுதிச் சோதனைக்கு 6. 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் அதற்குள் வரும். அந்த ஆறில்தான் நான் தவறு செய்தேன்.

பொதுத் தேர்வு நெருங்கினால் மற்றப் பாட ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கேட்பார்கள். கொடுத்துவிடுவேன். மறுத்திருக்கலாம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மாலை பார்த்தால் 600 மீட்டர் கட்டம் காலியாக இருந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். 2 நிமிடம் 10 விநாடி, 2.18, 2.25. ஒன்றுபோல் தெரியாதிருக்க இடையிடையே பேனாவைக்கூட மாற்றினேன்.

ஒரு மாணவி மட்டும் உண்மையாகவே ஓடியிருந்தாள். ஜூனில் மூன்று சுற்றை முடிக்க முடியாமல் பாதியில் நடந்தவள். தினமும் காலை மணி அடிக்குமுன் வந்து ஓடிப் பழகினாள். ஜனவரியில் 3 நிமிடம் 2 விநாடியில் முடித்தாள். ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்தவன் நான்தான். முழங்காலில் கையூன்றி, மூச்சு வாங்க, "எவ்வளவு சார்?" என்று கேட்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் நிரப்பிய தாளில் எல்லாரையும்விட மெதுவாக ஓடியவள் அவள்தான். தாளை எடுத்துவர அனுப்பியபோது பார்த்துவிட்டாள்.

"சார், இவங்கெல்லாம் எப்ப ஓடினாங்க?"

"போம்மா, உனக்கும் ஃபுல் மார்க்தான்" என்றேன்.

பொய்க் கணக்கு எழுதியதைவிட அந்தப் பதில்தான் பெரிய குற்றம். அவள் மார்க் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் மைதானத்துக்கு அவள் வரவில்லை.

600 மீட்டர் ஓட்டம் இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் சோதனை. எந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, எந்தப் பிள்ளை முன்னேறியிருக்கிறது என்று அறிய எனக்கிருந்த ஒரே வழியை நானே அடைத்தேன். அந்த வகுப்பு மொத்தமும் நல்ல மதிப்பெண் வாங்கியது. பாராட்டுக் கூட்டத்தில் கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஓடாத பிள்ளைக்கு நான் நேரம் எழுதுவதில்லை. அந்த மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் தாளில் மெய்யான நேரம் உன்னுடையது ஒன்றுதானம்மா. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.