கர்த்தாங் கலியில் ஒரு காலை

கங்கோத்திரி செல்லும் வழியில், பைரோன்காட்டிக்கு அருகே, ஜாட் கங்கை மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. செங்குத்துப் பாறையைக் குடைந்து, திபேத் வியாபாரத்துக்காக அந்நாளில் அமைத்த மரப் படிவழியே கர்த்தாங் கலி. நீளம் 136 மீட்டர். உயரமோ ஏறக்குறைய 11,000 அடி! 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்துக்குப் பின் மூடிக் கிடந்தது. செப்பனிட்டு 2021-இல் திறந்தார்கள்.

பன்னிரண்டு வயதுக் குமாரியிடம், "நீ அம்மாவுடன் லங்கா பாலத்தருகே உட்கார்ந்திரு, இது பெண் குழந்தைகள் வரத்தக்க இடமன்று" என்று உத்தரவிட்டோம். அவள் பதில் பேசவில்லை. பூட்ஸின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். தாயாரும் கிளம்பிவிட்டாள்.

இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை வரையில் நமது தலைமைக்குக் குறைவில்லை. படியில் கால் வைத்ததும், கைப்பிடிச் சட்டங்களின் ஊடே வெகு ஆழத்தில் நதியின் வெண்ணுரை தெரிந்தது. முழங்கால்கள் அசைய மறுத்தன. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அதட்டும் குரல் எங்கே மறைந்ததோ! பின்னால் மனைவி சிரிப்பை அடக்குவது மட்டும் தெளிவாய்க் கேட்டது.

"கீழே பார்க்காதீர்கள், அப்பா. என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்துக்கொண்டோம். உப்பும் கம்பளியும் சுமந்து இதே விளிம்பில் போனவர்களை எண்ணியவாறு, ஒவ்வொரு படியாய் நகர்ந்தோம். கடைசிப் படியைக் கடந்து வெகு நேரம் ஆயிற்று.

"அப்பா, தோள் வலிக்கிறது" என்றாள் குமாரி.