சுட்ட தோட்டாவை மறுபடி ரொப்ப முடியுமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலக்கடலை போடுகிறவர்களுக்குக் காய் பிடிக்கும் நேரம்தான் கஷ்ட காலம். ஒரு ராத்திரி பன்றிக்கூட்டம் இறங்கினால் போதும், காலையில் கொடியெல்லாம் தலைகீழாகக் கிடக்கும். கண்ணமங்கலம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போன பட்டத்தில் அரை ஏக்கர் கடலை இப்படித்தான் போனது. மருமகள் பட்டுத்தறியில் உட்கார்ந்து சம்பாதித்த கூலியில்தான் விதைக்கடலைக் கடன் அடைந்தது.

அந்த வீட்டுப் பேரன் ஒன்பதாம் வகுப்பு. என்.சி.சி.யில் இருக்கிறான். முகாமில் .22 ரைபிளில் சுடப் பழக்கினார்கள். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். எப்படியோ ஒன்று இவன் சட்டைப் பையில் வந்துவிட்டது.

“தாத்தா, இதுல மருந்து ரொப்பினா பன்னிக்கு ஆவுமா?” என்று கேட்டான்.

தாத்தாவுக்கும் ஆசை வராமல் இல்லை. அவருடைய அப்பா காலத்தில் வீட்டில் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கரிமருந்தும் ஈய ரவையும் குழலில் இட்டுக் கெட்டிப்பதைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். அதைப்போல இதையும் செய்யலாம் என்றுதான் நினைத்தார். இருந்தாலும் கம்மவான்பேட்டையில் இருக்கும் சம்பந்தி வீட்டாரைக் கேட்டுவிடுவோம் என்று பேரனையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டாளத்துக்குப் பேர்போன ஊர் அது. சம்பந்தியும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு நசுங்கல். “பெரிய துப்பாக்கித் தோட்டாவுல நடுவுல தனியா ஒரு கேப்பு இருக்கும். சுட்ட பிறகு அதைக் கழற்றி வேற கேப்பு போடலாம். இதுல கேப்பே கிடையாது. அடிபட்டா வெடிக்கிற மருந்தை இந்த விளிம்புக்குள்ளயே சுத்தி வச்சிருக்காங்க. ஊசி விளிம்பை அடிச்சு நசுக்கினாத்தான் தீ பிடிக்கும். ஒரு தடவை நசுங்கினா அதோட அதன் வேலை முடிஞ்சுது மாமா” என்றார்.

.22 தோட்டா இப்படி ஒரே தடவைக்கென்றே செய்யப்பட்டது. 1857இல் அமெரிக்காவில் வந்த .22 ஷார்ட், 1887இல் வந்த .22 லாங் ரைபிள் எல்லாமே இந்த வகைதான். அந்த விளிம்பு மருந்து லேசாகத் தட்டினாலும் உரசினாலும் வெடிக்கக் கூடியது. வீட்டில் அதைத் தொட்டால் போவது விரலும் கண்ணும்தான். தப்பித்து ரொப்பிவிட்டாலும் பலன் என்ன? அதன் குண்டு சுமார் இரண்டரை கிராம் ஈயம். வளர்ந்த பன்றியை அது காயப்படுத்தும், சாய்க்காது. காயம்பட்ட பன்றி மறுநாள் களை வெட்டப் போகிறவர்கள் மேல் பாயும்.

சட்டமும் லேசானதல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருக்க ஒரு உரிமம், தோட்டா தயாரிக்க வேறு உரிமம். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு அந்தச் சட்டம் சொல்வது குழல் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். .22 ரைபிளோ ரைபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துப் பழகுவதற்கு.

உரிமத் துப்பாக்கி கையில் இருந்தாலும் பன்றியைச் சுட அதுவே அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் காப்புப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் என்றால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். அவுட்டுக்காய் வைப்பதும் திருட்டு மின்வேலி போடுவதும் இதைவிட மோசம். பன்றி கடிக்குமுன் நம் மாடு கடிக்கும்; பன்றி தொடுமுன் நம் பிள்ளை தொடும்.

சம்பந்தி கடைசியாகப் பையனிடம், “நாளைக்கே வாத்தியார்கிட்ட இத்த குடுத்துடு தம்பி. கணக்குல ஒண்ணு குறைஞ்சா பதில் சொல்றது அவர்தான்” என்றார். பையன் கொடுத்துவிட்டான்.

இந்தப் பட்டத்தில் அந்தக் குடும்பம் வேறு வழிக்குப் போயிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வனச்சரக அலுவலகம் இரண்டு இடத்திலும் சேதத்தை எழுதிக் கொடுத்தார்கள். சூரிய மின்வேலிக்கு மானியம் கேட்டு வேளாண் பொறியியல் துறையில் விசாரித்தார்கள். ஒருவர் மட்டும் வேலி போட்டால் பன்றி அடுத்த கொல்லைக்குப் போகும் என்பதால் வரப்பு ஒட்டிய நாலு பேரும் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் பழைய சேலையை வரிசையாகக் கட்டி, முறை வைத்துக் காவல் படுக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, உண்மைதான். ஆனால் இந்த முறை கடலை முழுசாகக் களத்துக்கு வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பேரனின் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது.