ஈர உமியும் ஓர் எண்ணும்

ஓய்வு பெற்ற தமிழாசிரியராகிய நமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மடல் வந்தது. அங்கு விலங்குகளைக் கொண்டு நடைபெறும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் அறநெறிக் குழுவில் நாமும் உறுப்பினராக அமர வேண்டும் என்றது அம்மடல். எலிக்கும் இலக்கணத்திற்கும் என்ன உறவு என்று வீட்டிலுள்ளோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம்.

ஆனால் உறவு சட்டத்திலேயே இருந்தது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் 1960-இல் இயற்றப்பட்டது. நாட்டியக் கலைக்குப் புகழ் சேர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் இருந்து இதற்காக வாதாடியவர். ஆய்வை அச்சட்டம் அடியோடு விலக்கவில்லை, வரம்பு கட்டியது. நூலும் உருவ மாதிரியும் போதுமான இடத்தில் உயிரைத் தொடலாகாது. கைப்பழக்கத்திற்காக மட்டும் அறுக்கலாகாது. மயக்க மருந்தின்றி அறுவை செய்யலாகாது என்பன அவ்வரம்புகளுள் சில. பின்னர் 1998-இல் வந்த விதிகள், விலங்காய்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அறநெறிக் குழுவை அமைக்க வேண்டும் என்றன. அறிவியலாரும் கால்நடை மருத்துவரும் இருக்கும் அக்குழுவில், அறிவியல் சாராத, சமூக அக்கறை கொண்ட ஒருவருக்கும் இடமுண்டு. அவ்விடமே நமக்குக் கிடைத்தது.

முதற் கூட்டத்தில் நாம் செய்தது பெருமைக்குரியதன்று. ஆய்வுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சொற்கள் விளங்கவில்லை. கற்றோர் நடுவே வினவ வெட்கமாயிருந்தது. அனைவரும் ஒப்பமிட்டனர், நாமும் ஒப்பமிட்டோம். அன்றிரவு, புகுமுக வகுப்பில் படித்த நாளின் தவளை நினைவுக்கு வந்தது. மெழுகுத் தட்டில் மல்லாத்தி ஊசி குத்தி வைத்திருந்தனர். மயக்கம் சரியாக ஏறவில்லை போலும்; அறுக்கத் தொடங்கியதும் அதன் கால் இழுத்துக்கொண்டது. நாம் கண்டோம்; ஆசிரியரிடம் சொல்லவில்லை. விலங்கியல் வகுப்புகளில் அவ்வாறு அறுப்பதை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் பணித்தது. அன்று வாய்மூடி நின்ற நாம், முதுமையிலும் அவ்வாறே ஒப்பமிட்டு வந்திருந்தோம்.

அடுத்த கூட்டத்திற்கு ஓர் இளம் ஆய்வு மாணவி வந்தாள். மூலிகைச் சாறு ஒன்று சர்க்கரை நோயைத் தணிக்குமா என்று எலிகளில் சோதிக்க விரும்பினாள். ஆறு பிரிவுகள், பிரிவுக்கு எட்டு, ஆக 48 எலிகள்.

“ஏனம்மா நாற்பத்தெட்டு?” என்று கேட்டோம்.

“முன்னே ஆய்வு செய்தவர்கள் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள், ஐயா” என்றாள்.

அறையில் அமைதி நிலவியது. பின்னர் கால்நடை மருத்துவர் பேசினார். “சர்க்கரை நோய் கண்ட எலி ஓயாமல் நீர் அருந்தும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். ஈர உமியிலேயே கிடந்தால் உடம்பு புண்ணாகிவிடும். உமியை எத்தனை முறை மாற்றுவீர்கள்? எடை எவ்வளவு குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து விலக்குவீர்கள்?” அவளிடம் விடையில்லை.

நமக்கோ உள்ளம் நடுங்கியது. சர்க்கரை நோயாளியாகிய நாம் நள்ளிரவில் நாவறண்டு எழும் துன்பத்தை அறிவோம். நாள்தோறும் நாம் செலுத்திக்கொள்ளும் இன்சுலின் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிவோம். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 1921-இல் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் செய்த ஆய்விலிருந்து பிறந்தது அது. அடுத்த ஆண்டு சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அந்த நாய்களின் உயிரால் பிழைத்தோருள் நாமும் ஒருவர். ஆய்வே கூடாதென்று சொல்ல நமக்கு நாவில்லை. எதுவும் கேளாமல் ஒப்பமிடவும் இனிக் கையில்லை.

ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1959-இல் வெளியிட்ட நூலொன்று மூன்று வழிகளைக் காட்டியது. விலங்கின்றிச் செய்ய இயலுமாயின் அவ்வாறு செய்க. இயலாதெனில் எண்ணிக்கையைக் குறைத்திடுக. எஞ்சியவற்றிற்கும் துன்பத்தைத் தணித்திடுக. மாணவி அவ்வழியே திட்டத்தைத் திருத்தி மீண்டும் கொணர்ந்தாள். ஒரு பிரிவின் விடையைப் பிறர் முன்னரே கண்டு வெளியிட்டிருந்ததை அறிந்து அதை நீக்கியிருந்தாள். புள்ளியியல் கணக்கின்படி பிரிவுக்கு ஆறு போதும் என்று காட்டினாள். ஐந்து பிரிவுகளுக்கு 30 எலிகள். நாள்தோறும் உமி மாற்றப்படும். எடை குறையும் எல்லையும் எழுதப்பட்டிருந்தது. இம்முறை விளங்கிக்கொண்டு ஒப்பமிட்டோம்.

பதினெட்டு உயிர்கள் தப்பின என்று மகிழ்ந்ததுண்டு. ஆயினும் அந்த முப்பதும் ஆய்வின் முடிவில் மடிந்தன. அதை மறைப்பது நேர்மையன்று.

மனித உயிரைக் காக்கவோ பேணவோ துணைபுரியும் விலங்காய்வு, தக்க வரம்புக்குள் ஏற்கத்தக்கதென 1992-இல் வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்பிற்கே முரணானவை என்றும் அது கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் இதையே நினைவூட்டினார். தேவை எது, தேவையின்மை எது என்பதை மட்டும் எந்த நூலும் நமக்காக முடிவு செய்து தருவதில்லை. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மருந்தியலும் உயிரியலும் பயிலுகின்றனர். விடுமுறைக்கு வீடு வருகையில் அவர்களிடம் மதிப்பெண்ணை மட்டும் கேளாதிருப்போம். “எத்தனை எலிகள், ஏன் அத்தனை?” என்றும் கேட்போம். அந்த மாணவி இன்று ஆசிரியையாக இருக்கிறாள். தன் மாணவரிடம் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான் என்று அண்மையில் நமக்கு எழுதியிருந்தாள்.