காட்டிலே ஒரு மூச்சுக் கணக்கு

குறட்டை விடுபவனை உலகம் நோயாளியாகக் கருதுவதில்லை, நகைப்புக்குரியவனாகவே கருதுகின்றது. எமது இல்லத்திலும் நெடுங்காலம் அவ்வாறே நடந்தது. "இஞ்சேருங்கோ, ராத்திரியும் விடிய விடிய மரம் அரிஞ்சனீங்கள்" என்று இல்லாள் காலைத் தேநீருடன் கூறுவதும், பிள்ளைகள் சிரிப்பதும், அச்சிரிப்பில் நாமும் கலந்துகொள்வதும் வழக்கமாயிருந்தன. 2019 ஆம் ஆண்டில் ஒருநாட் காலை, மோட்டார் சைக்கிளிற் கல்லூரிக்குச் செல்கையிற் கண்ணயர்ந்து வேலியொன்றில் மோதி விழுந்தோம். அது பனையோலை வேலி. கல்மதிலாய் இருந்திருப்பின் இக்கட்டுரைக்கு இடமிராது.

அதன் பின்னரே கொழும்பு சென்று வைத்தியரைக் கண்டோம். ஓரிரவு முழுவதும் எம்மைக் கம்பிகளாற் பிணைத்து உறங்கவைத்துச் சோதித்ததில், மணித்தியாலத்துக்கு 38 தடவை எமது மூச்சு தடைப்படுவது புலனாயிற்று. உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்கின்றன, காற்றுவழி மூடிக்கொள்கின்றது, குருதியில் ஒட்சிசன் குறைகின்றது, மூளை திடுக்குற்று உடலை எழுப்புகின்றது. உறங்குபவன் இவற்றுள் எதனையும் அறியான். காலையிற் களைப்பை மாத்திரம் அறிவான்.

இதற்கொரு பரிகாரத்தை அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவனும் அவருடைய தோழர்களும் 1981 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். சிறிய விசிறியொன்று காற்றைச் சற்றே அமுக்கி, குழாய்வழியாக மூக்கினுட் செலுத்தி, தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். எமக்கு விதிக்கப்பட்ட அமுக்கம் 10 சென்ரிமீற்றர் நீர்நிரல். வளிமண்டல அமுக்கத்தின் நூறிலொரு பங்கு மட்டில் என்க. அவ்வளவு சிறிய உதவியினால் எமது பகற்பொழுதுகள் எமக்கு மீண்டன. ஆயினும் அந்த விசிறிக்கு மின்சாரம் வேண்டும்.

நாமோ 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். ஜாம்போத்தல் விளக்கிலே படித்தோம். தந்தையார் வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, தைனமோவின் பொருட்டு மிதியைக் கையாற் சுழற்றினோம். மின்சாரம் இன்றியும் மனிதன் வாழ்வான் என்னும் செருக்கு எமக்கு நிரம்ப உண்டு. நாற்பதை அணுகிய வயதில் அச்செருக்கு ஒரு மின்வடத்திற் கட்டுண்டது. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வேறு வழியின்றி ஒரு பற்றரியை வாங்கி வைத்தோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கல்லூரிச் சாரணர் பாசறைக்கு வருமாறு கேட்டபோதெல்லாம், மூன்று ஆண்டுகளாக நாம் தட்டிக்கழித்தே வந்தோம். ஒருமுறை வீட்டுத் திருத்தம், ஒருமுறை மைத்துனர் மகளின் சாமத்தியச் சடங்கு, ஒருமுறை முழங்கால் நோவு. உண்மைக் காரணம் வேறு. மூக்கிற் குழாய் பூட்டிய கோலத்தில் எம்மை மாணாக்கர் காணலாகாது என்பதே அது. சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பொறுப்பாசிரியர் எதிர்பாராது நோயுற்றார். நாம் செல்லாவிடின் பாசறை நடவாது என்றாயிற்று. பதினாறு பிள்ளைகள் கூடாரங்களைத் தைத்துச் சீர்செய்து ஆயத்தமாயிருந்தனர். சென்றோம்.

இடம் முத்தையன்கட்டுக் குளத்தின் அயலிலுள்ள ஒரு காட்டோரம், மூன்று இரவுகள். கணக்கை வீட்டிலேயே போட்டிருந்தோம். விசிறி மாத்திரம் இயங்கினால் இயந்திரத்துக்கு 9 உவாற்று மட்டில் வேண்டும். ஏழு மணித்தியால உறக்கத்துக்கு 63 உவாற்று மணி; இழப்புகளையும் சேர்த்து 70 எனக் கொள்வோம். எமது இலிதியம் பற்றரி 12.8 உவோல்ற்று, 30 அம்பியர் மணி. அதாவது 384 உவாற்று மணி. மூன்று இரவுக்கு 210 போதும். பற்றரியின் மின்னை 230 உவோல்ற்றுக்கு உயர்த்தி மீண்டும் தாழ்த்துவது வீண் விரயமாதலின், 12 உவோல்ற்றை இயந்திரம் வேண்டும் 24 ஆக நேரே மாற்றும் சிறு கருவியொன்றையும் கொண்டு சென்றோம். கார்களிற் பூட்டும் ஈயப் பற்றரியை விலக்கினோம். அது இயந்திரத்தை ஒரு கணம் உதைத்துக் கிளப்புவதற்கென அமைந்தது, அடிவரை வடித்தால் விரைவிற் கெடும். பாரமும் மிக அதிகம். எமது கூடாரத்தைப் பிள்ளைகளின் கூடாரங்களுக்கு எட்டத்தில் அடித்துக்கொண்டோம். காரணம் கேட்டவர்களுக்கு, நூல் வாசிக்க அமைதி வேண்டும் என்றோம்.

கணக்கிற் பிழையில்லை; பிழை ஆசிரியரிடத்தில். சோளகக் காற்றிலே தொண்டை வறண்டு எரிந்தது. இயந்திரத்தில் நீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் ஒரு பகுதி உண்டு. முதலிரவிலே அதனை முடுக்கிவிட்டோம், இரண்டாமிரவும் அவ்வாறே. இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பிப்பவர் செய்த காரியம் இது.

இரண்டாமிரவு பின்சாமம் மூன்று மணிக்கு அண்மையில் எவரோ எமது தோளைப் பிடித்து உலுக்கினர். "சேர்! சேர்! எழும்புங்கோ! மூச்சு விடுங்கோ!" காவல் முறையில் நின்ற பத்தாந் தரத்துச் சிறுவன். ரோச்சு வெளிச்சத்தில் அவன் முகம் வெளிறியிருந்தது. எட்டத்திலிருந்து குறட்டை கேட்டதாம்; பின் சட்டென அடங்கியதாம்; காட்டோரமாதலால் ஏதோ வந்துவிட்டதென ஓடிவந்திருக்கின்றான். "இருபத்திரண்டு எண்ணும் வரைக்கும் மூச்சு வரேல்லை, சேர். நான் எண்ணினனான்" என்றான். இயந்திரம் ஓய்ந்துகிடந்தது. பற்றரியில் ஒரு துளி மின்னில்லை.

இயந்திரம் நின்றவுடன் உயிர் போய்விடும் என்று வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. பழைய நோய் திரும்பி வரும், அவ்வளவே. ஆயினும் இதனை அச்சிறுவன் அறியான். அவனுடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நெருப்பருகே அவனை அமர்த்தி, சுடச்சுடத் தேநீர் கொடுத்து, மூன்று ஆண்டுகளாக மறைத்ததை அவனிடம் சொன்னோம். அதன் பின் விடியும்வரை நாம் உறங்கவில்லை. அவனும் காவலை மற்றவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போக மறுத்துவிட்டான்.

காலையில் எல்லோரையும் அழைத்து இயந்திரத்தைக் காட்டினோம். எவரும் சிரிக்கவில்லை என்று கூறினால் அது பொய். குழாயைக் கண்டு யானைத் துதிக்கை என்றான் ஒருவன். நாமும் சிரித்தோம். ஆனால் பதினோராந் தரத்தான் ஒருவன், "எவ்வளவு தண்ணி வத்தினது, சேர்?" என்று கேட்டான். இரவொன்றுக்கு 200 மில்லிலீற்றர் என்றோம். மணலிலே தடியாற் கணக்குப் போட்டான். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 யூல். 200 கிராமுக்கு 480,000. அதனை 3,600 ஆற் பிரிக்க 133 உவாற்று மணி. விசிறி உண்டது 63. நீர் உண்டது அதன் இருமடங்கு. குழாயைச் சூடாக்கும் கம்பியையும் சேர்த்தால் ஓரிரவுக்கு 245 மட்டில். மிகுதி 139 இரண்டாமிரவின் நான்கு மணித்தியாலத்துக்கே போதும். மறைவெப்பத்தை இதனினும் தெளிவாக நாம் வகுப்பறையில் ஒருபோதும் விளக்கியதில்லை.

ஒன்றரைக் கல் தொலைவில் ஒரு விவசாயியின் வீட்டில் மின்சாரம் இருந்தது. இருவர் பற்றரியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக் கொண்டுசென்று, மாலையில் முழுதாக ஏற்றிய பற்றரியோடும், அவ்வீட்டு அம்மா கொடுத்தனுப்பிய ஒரு பை பப்பாசிப் பழங்களோடும் திரும்பினர். சைக்கிளும் மின்சாரமும் சேர்ந்து வருவதைக் கண்டபோது தந்தையாரின் வானொலி நினைவுக்கு வந்தது. அன்றிரவு நீர்ப்பகுதியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். தொண்டை வறண்டது, சுடுநீர் குடித்தோம். எமது கூடாரத்தைப் பிள்ளைகள் எம்மைக் கேளாமலே பெயர்த்து நடுவில் அடித்திருந்தனர்.

வீடு திரும்பிய பின் பாசறைக் குறிப்பேட்டைப் புரட்டினோம். காவல் மாறும்போது எழுதவேண்டியவை அதில் வரிசையாக உண்டு: நெருப்பு, கூடாரக் கயிறுகள், குடிநீர், ஆட்தொகை. மூன்றாமிரவுப் பக்கத்தில் அவற்றின் கீழே வேறொரு வரி சேர்க்கப்பட்டு, ஆறு காவல் முறைகளிலும் ஆறு வேறு கையெழுத்துகளில் நிரப்பப்பட்டிருந்தது: "சேரின் மூச்சு: ஒழுங்கு."