ஜெட் ஸ்கியை எங்கே நிறுத்துவது?

மார்ச் 3, செவ்வாய்

டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில், பிராவிடென்ஷியாலெஸ் தீவின் தெற்கே, லாங் பே கடற்கரைக்கு எதிரே ஆழமில்லாத நீரில் ‘லா ஃபமீல் எக்ஸ்பிரஸ்’ தரைதட்டி நிற்கிறது. 1952இல் போலந்தில் கட்டப்பட்ட கப்பல் இது. ‘ஃபோர்ட் ஷெவ்சென்கோ’ என்ற பெயரில் சோவியத் கடற்படையில் உழைத்து, 1999இல் கைமாறிப் பெயர் மாறி, 2004 செப்டம்பரில் வீசிய ஃபிரான்சிஸ் சூறாவளியில் இங்கே வந்து சிக்கியது. இப்போது வாடகை ஜெட் ஸ்கிகள் வழிகாட்டியின் பின்னால் வரிசைகட்டி இதைப் பார்க்கப் போகின்றன. போகட்டும், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வழிகாட்டி என்று ஒருவரை வைத்துக் காசு வாங்கினால், கப்பலுக்கு வெகு முன்பே எல்லா எஞ்சினையும் அணைக்கச் சொல்வதுதான் அவருடைய தலையாய வேலை. கிட்டே கொண்டுபோய் உரசிக் காட்டுவதும், மேலே ஏறிக் குதிக்க விடுவதும் வழிகாட்டல் ஆகாது.

மார்ச் 4, புதன்

எஞ்சினைத் தள்ளியே அணைக்க வேண்டும் என்பதை வெறும் பயத்தால் சொல்லவில்லை. ஜெட் ஸ்கிக்கு வெளியே சுழலும் விசிறியும் கிடையாது, சுக்கானும் கிடையாது. அடிவயிற்றால் நீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாய் வழியே பீய்ச்சி அடிக்கிறது. அந்தப் பீய்ச்சலின் திசையை மாற்றித்தான் வண்டியைத் திருப்புகிறோம். ஆக்சிலரேட்டரை விட்டால் பீய்ச்சல் நிற்கிறது, அதோடு திருப்பும் சக்தியும் போய்விடுகிறது. புதிதாக ஓட்டுபவர் எதிரே தடை வந்தால் என்ன செய்வார்? சாலையில் பழகிய கை, முதலில் ஆக்சிலரேட்டரைத்தான் விடும். வண்டியோ வந்த வேகத்தில் நேராகவே போகும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வித்தியாசத்தைச் சுட்டியது: மற்ற பொழுதுபோக்குப் படகுகளில் மூழ்கிச் சாவதே அதிகம், ஜெட் ஸ்கி போன்றவற்றில் மோதி அடிபட்டுச் சாவதே அதிகம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், மோதலைத் தடுக்காது. இப்படிப்பட்ட வண்டியை, துருப்பிடித்த தகடுகள் நீருக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புச் சுவரை நோக்கி, ஓட்டிப் பழகாதவர்கள் கையில் கூட்டமாகக் கொடுத்து அனுப்புகிறோம். கப்பலைச் சுற்றி அலைகள் இரும்பில் பட்டுத் திரும்பிக் குழம்பும் இடமும் அதுவே. தூரத்தில் நிறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா?

தேவை என்றால் தண்ணீரின் ஆழம் இருக்கிறது. கப்பல் நிற்கும் கைகோஸ் திட்டு என்பது வெண்மணலும் கடற்புல்லும் படர்ந்த, பெரும்பகுதி சில மீட்டர் ஆழமே உள்ள சுண்ணாம்புத் தரை. ராணிச் சங்கு வளர்வதும் மேய்வதும் இந்தப் புல்வெளியில்தான். தீவுக்காரர்களின் சாப்பாட்டுத் தட்டில் சங்குக்கு உள்ள இடம் சின்னதல்ல. இரண்டு, மூன்று அடிக்குக் குறைந்த நீரில் ஓட்டாதீர்கள் என்று ஜெட் ஸ்கி தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. மணலும் புல்லும் உள்ளே போனால் எஞ்சின் கெடும் என்பது அவர்கள் கவலை. புல்லின் பக்கமிருந்து யோசிக்க அவர்களுக்கு என்ன அவசியம்!

மார்ச் 6, வெள்ளி

மறுப்புகள் உண்டு. புதிய வண்டிகளில் பிரேக் வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், சீ-டூ ஜெட் ஸ்கிகளில் 2009இலேயே அது வந்தது. ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் வண்டி எல்லாம் புதியதல்ல, நீருக்கடியில் கண்ணில் படாத தகட்டுக்குப் பிரேக் பிடிக்கவும் யாருக்கும் தெரியாது. தேசியப் பூங்காக்களுக்குள் ஜெட் ஸ்கிக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது, அது போதாதா என்பது இன்னொன்று. தடைக்கான காரணம் பூங்காவின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. பிழைப்பு கெடும் என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். சுற்றுலாவை நம்பி வாழும் தீவில் அது கேட்கவேண்டிய குரல். ஆனாலும் தள்ளி நிறுத்துவதால் கட்டணத்தில் ஒரு டாலர் குறையப்போவதில்லை. விபத்து ஒன்று நடந்தால்தான் தொழிலே முடங்கும்.

கடைசியாக, ‘இது என்ன தொல்பொருளா, வெறும் பழைய இரும்புதானே, ஏறினால் என்ன?’ என்ற கேள்வி. பழைய இரும்பு என்பதால்தான் ஏறக்கூடாது. 2004இலிருந்து உப்புக்காற்றில் அரிக்கப்படும் தளம் எந்தக் காலடியில் இற்று விழும் என்று எவரும் சொல்ல முடியாது.

மார்ச் 7, சனி

தள்ளி நின்றால் பார்க்க என்ன மிஞ்சும் என்பவர்களுக்கு: நல்ல வழிகாட்டி இருந்தால் நிறைய மிஞ்சும். உக்ரைன் கவி தாரஸ் ஷெவ்சென்கோ நாடுகடத்தப்பட்டுக் கிடந்த காஸ்பியன் கரைக் கோட்டையின் பெயரைத் தாங்கியிருந்த கப்பல், கரீபியன் பக்கத்து மணலில் வந்து முடிந்த கதையை எஞ்சின் இரைச்சலில் சொல்ல முடியாது, கேட்கவும் முடியாது. இதே தீவுக்கூட்டத்தில், கிழக்கு கைகோஸ் அருகே 1841இல் ‘த்ரூவடோர்’ என்ற அடிமைக் கப்பல் உடைந்தது. அதிலிருந்து கரையேறிய ஆப்பிரிக்கர்கள் விடுதலை பெற்றார்கள். இன்றைய தீவுவாசிகள் பலருக்கு அவர்கள் முன்னோர். படம் எடுக்க நீருக்கு மேலே ஒன்றும் மிஞ்சாததால் அந்த இடத்துக்கு யாரும் வரிசைகட்டிப் போவதில்லை. துருப்பிடித்த கப்பலைக் காட்டும்போதாவது அந்தக் கதையைச் சொல்லலாம்.

‘லா ஃபமீல் எக்ஸ்பிரஸ்’ பார்க்கப் போக முன்பதிவு செய்கிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் வழிகாட்டியிடம் ஒன்றைக் கேளுங்கள்: கப்பலுக்கு எவ்வளவு தூரத்தில் எஞ்சினை அணைப்பீர்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.