சூடை மீன்பாடும் ஒரு சொட்டுக் கடல்நீரும்

ராமநாதபுரத்தில் இறங்கி மண்டபம் பேருந்தில் ஏறிய அந்த இளம் ஆய்வாளரின் பையில் 1953இல் ஆர். ரகு பிரசாத் வெளியிட்ட கட்டுரையின் நகல் இருந்தது. பாக் விரிகுடாவில் நாக்டிலூகா என்ற மிதவை உயிரி பெருகியபோது சூடை எனும் சிறு மத்தி மீன்களின் மீன்பாடு என்ன ஆனது என்று ஆராய்ந்த கட்டுரை அது. விலங்கியல் படிக்கையில் கடலாமைகளின் மீதுதான் அவருக்கு ஆசை. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் உயிர் ஒன்று ஒரு ஊரின் வருமானத்தையே அசைக்கும் என்று படித்ததும் மனம் மாறியது.

அந்த உயிரை ஆராய மண்டபத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்துதான் இயங்கியது. ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வடக்குக் கடல் சீறும். ஒரே நாளில் இரண்டிலும் நீர் அள்ளி ஒப்பிட முடியும்.

விடியற்காலையில் ஆய்வாளர் படகேறினார். 200 மைக்ரான் கண்ணி கொண்ட கூம்பு வலை சிறிது நேரம் நீரில் இழுபட்டது. அடியில் தொங்கிய குப்பியில் சேர்ந்ததை ஃபார்மலின் ஊற்றிப் பதப்படுத்தினார். பிறகு நுண்ணோக்கியின் முன்னே மணிக்கணக்கில் எண்ணும் வேலை: கோப்பிபாடுகள், இறால் இளவுயிரிகள், மீன் முட்டைகள். நடுவே, குட்டி பலூன் போல உருண்ட நாக்டிலூகா.

நம் வெப்பக் கடல்களில் அதன் உடலுக்குள் பச்சைப் பாசி குடியிருக்கும். அதனால்தான் அது பெருகினால் கடலே பச்சையாகிறது.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் ஆனது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தார்கள். இரண்டு தீவுகளை ஒட்டி, நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா பவளங்களுக்கே பெரும் சேதம்.

பாம்பனில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஆய்வாளர் இந்தப் பெருக்கைப் பற்றிக் கேட்டார். கடல் நிறம் மாறிய மாதங்களையும், அப்போது மீன் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதையும் அவர் நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

இன்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கைக் கண்காணிக்கிறது. ஆனால் அதில் தெரிவது நீரின் நிறம். அந்த நிறத்துக்குக் காரணமான உயிரி எது என்று உறுதிசெய்ய யாராவது அந்த நீரை அள்ளி நுண்ணோக்கியில் வைத்தாக வேண்டும். கடல் பச்சையாவதற்குப் பல வாரங்கள் முன்பே இரு கடல்களிலும் எண்ணத் தொடங்கி, அந்தக் கணக்கைச் சூடை மீன்பாட்டோடு பொருத்திப் பார்ப்பதே இப்போது அவருடைய ஆய்வுத் திட்டம்.