அட்டவணையில் ஒரு சுழியம்

ஓய்வு பெற்ற ஆசிரியனின் வீட்டில் பணத்தைவிட மிகுதியாகச் சேர்ந்திருப்பவை தாள்களே. சென்ற கோடையில் ஓடு மாற்ற வேண்டியிருந்ததால் பரணில் கிடந்த கட்டுகளையெல்லாம் இறக்கினேன். இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் எழுதித் தந்த ஆய்வேடுகளே அவற்றில் பாதிக்கு மேல். கருநீல அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே தட்டச்சின் மங்கிய மை. ஒன்றைத் தூசி தட்டியபோது, அதனுள் மடித்து வைத்திருந்த கையெழுத்துத் தாள் ஒன்று நழுவி விழுந்தது. அரைப் பக்க அளவே இருந்த அதன் குறுக்கே என் சிவப்பு மைக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்திலேயே இரண்டு சொற்கள்: "உணர்ச்சி ஆய்வாகாது."

அந்தத் தாளைப் பற்றி எழுதவே அமர்ந்திருக்கிறேன். அதை எழுதியவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

எங்கள் துறையில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலோ அண்டையிலோ உள்ள ஒரு சமூகச் சிக்கலை எடுத்துக்கொண்டு, 50 வீடுகளில் விசாரித்து, ஆய்வேடு எழுத வேண்டும் என்பது விதி. இருபது வயதுப் பிள்ளைகள் என்ன ஆய்வு செய்துவிடப் போகிறார்கள் என்று மேல்வகுப்பு ஆசிரியர்கள் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பிற்கு நியாயமும் இருந்தது. விடுதி அறையில் அமர்ந்தே ஐம்பது வினாப்படிவங்களையும் நிரப்பிவிடும் கெட்டிக்காரர்கள் ஆண்டுதோறும் இருந்தார்கள். அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லாத் தாளிலும் ஒரே பேனா, ஒரே கை, எல்லாக் குடும்பத்தின் வருமானமும் நூறு நூறாக முழு எண்ணில் நிற்கும். உண்மையாகவே களத்திற்குப் போய்வந்த படிவம் கசங்கியிருக்கும். ஒரு தாளில் எண்ணெய்க் கறை, மற்றொன்றில் குழந்தை கிழித்த மூலை இருக்கும்.

அவர்களுக்கு ஊக்கமூட்ட நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு வரலாற்றைச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்ற ஆங்கிலேயர். இந்தியக் கிராமத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. நூல்களை மட்டும் நம்பி அவர் இருந்துவிடவில்லை. வினாப்படிவம் ஒன்றைத் தயாரித்து, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களின் கையில் கொடுத்தார். உங்கள் ஊரில் எத்தனை வீடுகள், யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுர மாவட்டத்தில் அன்று இருந்த வடமலைபுரம், எங்கள் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் என ஊர்கள் பல அந்த ஆய்வில் இடம்பெற்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1918இல் அதை நூலாக வெளியிட்டது. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். அதன் பின்னரும் ஆய்வாளர்கள் அவ்வூர்களைத் தேடிப் போனார்கள். இருவேல்பட்டிற்கு 2008இலும் சென்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கால மாற்றத்தை அளந்து பார்க்க இன்றும் உதவுகின்ற முதல் அளவுகோலை நட்டவர்கள், விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள்.

இதைச் சொல்லி முடித்து, "சொந்த ஊருக்கே அவர்களை ஏன் அனுப்பினார்?" என்று வகுப்பைக் கேட்பேன். "ஊரார் நம்பிப் பேசுவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். சரியான விடை என்று தலையசைப்பேன். அந்த விடையில் பாதிதான் இருக்கிறது என்பது அப்போது எனக்கே தெரியவில்லை.

1994ஆம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாமிரபரணிக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர் அவளுக்கு. முதல் வரிசையில் அமர்வாள். கேட்டாலொழியப் பேச மாட்டாள். பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கை நிலையே தன் தலைப்பு என்று எழுதிக் கொடுத்தபோது, நல்ல தலைப்பு என்று பாராட்டினேன். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தொழிலை அறியாதார் இல்லை. திண்ணைதோறும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் அமர்ந்திருப்பார்கள். முதல் நாள் இரவே நனைத்து வைத்த இலையைத் தகட்டு அளவிற்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கி முடிக்க வேண்டும். 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. கூலிக் கணக்கோ ஆயிரத்திற்கு இவ்வளவு என்பது. கைவேகம் உள்ளவளுக்கும் ஆயிரம் பீடிக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். சோறு பொங்கித் தண்ணீரும் எடுக்கிறவள் என்றால் இரவும் அதோடு சேரும். கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தரமில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது.

வினாப்படிவத்தை நான்தான் செம்மைப்படுத்திக் கொடுத்தேன். ஆங்கில அறிக்கை ஒன்றின் பின்னிணைப்பில் இருந்த வினாக்களைத் தமிழாக்கி, வரிசை எண் இட்டு, ஆம், இல்லை என்று கட்டம் போட்டுத் தந்தேன். அவற்றுள் ஒன்று: "உங்கள் வீட்டில் 14 வயதிற்குட்பட்ட குழந்தைகள் பீடி சுற்றுகின்றனரா?"

ஆறு வாரம் கழித்துப் படிவங்களுடன் வந்தாள். கசங்கிய தாள்கள். சிலவற்றில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அட்டவணை போட்டோம். குழந்தைகளைப் பற்றிய அந்த வினாவிற்கு 50 வீட்டாரும் "இல்லை" என்றே விடை தந்திருந்தார்கள். ஆம் என்ற கட்டத்தின் கீழ் சுழியம் இட்டோம்.

மறுநாள் அவள் அந்த அரைப்பக்கத் தாளைக் கொண்டுவந்து, ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று கேட்டாள். தலைப்பு: "ஐம்பத்தொன்றாம் விடையாளர்." தான் ஐந்தாம் வகுப்பிலிருந்து தாய்க்குப் பீடி முடித்துக் கொடுத்ததாக எழுதியிருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் விளக்கு வைக்கும்வரை முனை மடக்குவது தன் வேலை. தம்பிக்குக் கட்டுப்போடும் வேலை. கடையின் பாஸ்புத்தகம் அடுத்த வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால், தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய படிப்பு உதவி தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "என் படிவத்தில் பதினேழாம் எண்ணுள்ளவர் என் தாயார். அவரும் இல்லை என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்றிருக்க வேண்டும். நான் செய்ததோ வேறு. மாதிரி ஐம்பது என்று முன்னுரையில் எழுதிவிட்டபின் ஐம்பத்தொன்று எப்படி வரும், ஆய்வாளரே விடையாளராக எப்படி ஆவார், சான்றில்லாததை எழுதலாமா என்றெல்லாம் விளக்கம் சொன்னேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. "சரி சார்" என்றாள்.

புறத்தேர்வாளர் வந்தார். அட்டவணைகளின் ஒழுங்கைப் பாராட்டினார். குழந்தைத் தொழிலாளரே இல்லாத ஊர் என்பது நல்ல செய்தி என்றும் சொன்னார். அவள் தலைகுனிந்து நின்றாள். வகுப்பில் அவளுக்கே முதல் மதிப்பெண். நானும் பெருமைப்பட்டேன்.

அந்தச் சுழியம் ஒரு பொய். ஆனால் அந்தப் பொய்யை 50 பெண்களும் சேர்ந்து சொன்னார்கள் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆயினும் ஒருவர் தம் குடும்பத்தாரின் துணையோடு செய்யும் வேலைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அச்சட்டமே விலக்களித்திருந்தது. ஆகவே திண்ணையில் தாயருகே அமர்ந்து முனை மடக்கிய சிறுமி சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியே அல்லள். 2016ஆம் ஆண்டின் திருத்தம், குடும்பத் தொழிலே ஆயினும் ஆபத்தான வேலைகளில் குழந்தைகள் உதவக் கூடாது என்று அந்த விலக்கைச் சுருக்கிற்று. நான் சொல்லும் காலத்திலோ சட்டம் அவளைப் பார்க்கவில்லை. சட்டம் பார்க்காததை என் வினாப்படிவமாவது பார்த்திருக்கலாம், அதுவும் பார்க்கவில்லை. தானே வாய் திறந்து சொன்னவளின் சொல்லையும் நான் அடித்துவிட்டேன்.

தாள் கிடைத்த மூன்றாம் நாள், பழைய மாணவர் ஒருவரிடம் எண் வாங்கி அவளோடு தொலைபேசியில் பேசினேன். வேறொரு மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். நலம் விசாரித்தபின், அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். முப்பது ஆண்டு தாமதமான சொல். மறுமுனையில் சற்று நேரம் அமைதி.

"நீங்க அடிச்சதுல அம்மாவுக்கு நிம்மதி சார்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "அந்தத் தாளை உங்ககிட்டே தர்றதுக்கு முந்தின ராத்திரி அம்மாகிட்டே படிச்சுக் காட்டினேன். அம்மா அழுதாங்க. பெத்த பிள்ளையை வேலை வாங்கித்தான் சோறு போட்டேன்னு காலேஜுல எழுதி வைக்கப் போறியாளான்னு கேட்டாங்க. அதையும் மீறித்தான் கொண்டு வந்தேன். நீங்க அடிச்சதும் எனக்கு வருத்தம்தான். ஆனா வீட்டுக்குப் போயி, சார் வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னப்போ, அம்மா முகத்தைப் பார்க்கணுமே."

மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அந்த விடை எளிதாக இல்லை. நான் அடித்தது அந்தத் தாயை எண்ணி அன்று. அவர் என் நினைவிலேயே இல்லை. என் அட்டவணையின் ஒழுங்கு கெடக் கூடாது என்றே அடித்தேன். விளைவில் ஒரு தாயின் மானம் காக்கப்பட்டது என்றால், அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கில்லை. மகளோ உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற கடமைக்கும் தாயை நோகடிக்கக் கூடாது என்ற கடமைக்கும் நடுவே தனியாக நின்றிருக்கிறாள். அவளுக்குத் துணையாக நின்றிருக்க வேண்டியவன் ஆசிரியன். நான் அவளுக்கு மாதிரி அளவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் எழுதாமல் விட்டதே சரி என்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். கேள்விதான் தப்பு" என்றாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தெளிவு அவள் குரலில் வந்திருந்தது. "உங்க வீட்டுல குழந்தைங்க பீடி சுத்துறாங்களான்னு கேட்டா, அது போலீசு கேட்கிற கேள்வி. யாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி முடிக்க யார் யார் கை கொடுப்பாங்கன்னு கேட்டிருந்தா, எல்லாரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பாங்க. எங்க ஊருல அதை வேலைன்னு சொல்ல மாட்டாங்க. கை கொடுக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க."

சிலேட்டர் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பியதைப் பற்றி நான் ஆண்டுதோறும் கேட்ட வினாவின் மறுபாதி விடை இதுதான். ஊரார் அவர்களிடம் நம்பிப் பேசுவார்கள் என்பது ஒரு பாதி. ஊரார் எந்தச் சொல்லில் உண்மை பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பது மறுபாதி. அந்த அறிவு பேராசிரியரிடம் இல்லை, மாணவியிடம் இருந்தது. அவளிடம் கேட்டு வினாவை எழுதியிருந்தால், எந்தத் தாயும் நாணாமல், எந்த மகளும் கண்ணீர் விடாமல், அந்தக் கட்டத்தில் உண்மையான எண் வந்திருக்கும்.

இப்போது கைப்பேசியிலேயே வினாப்படிவம் அனுப்பி, ஒரே மாலையில் விடைகளைத் திரட்டிவிடுகிறார்கள். கருவி எதுவாயினும் குறையில்லை. ஆனால் இளங்கலை மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் யாரேனும் இதைப் படித்தால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். வினாக்களை அச்சிடும் முன், அந்த ஊர்ப் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, இதை உன் வீட்டில் எப்படிக் கேட்பாய் என்று கேளுங்கள். அட்டவணையில் சுழியம் விழுந்தால் மகிழாதீர்கள். ஒருமுறை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து அவளே பேசினாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். "அம்மாகிட்டே கேட்டேன் சார். இந்தத் தடவை சரியான கேள்வியா." கண் மங்கிய அந்த மூதாட்டி விரல் மடக்கி எண்ணினாராம். "நீ, ஒந் தம்பி, கண்ணு தெரிஞ்ச மட்டும் ஒங்க ஆச்சி, மழை நாளுல வேலை இல்லேன்னா ஒங்கப்பா. நாலு பேரு கை கொடுத்தாத்தானே ஆயிரம் தேறும்?" சொல்லிவிட்டு, "ஒங்க சாரு எழுதுகதா இருந்தா எழுதட்டும். ஊரு பேரு மட்டும் போடாண்டாம்" என்றாராம்.

அந்தத் தாளின் பின்புறம் வெறுமையாக இருந்தது. பதினேழாம் எண் என்று எழுதி, அதன் எதிரே அவர் சொன்ன நான்கு பேரையும் நீல மையில் குறித்து, அன்றைய நாளையும் இட்டு, ஆய்வேட்டினுள் அது இருந்த பக்கத்திலேயே வைத்தேன்.